படிவத்தில் இடமில்லாத பெற்றோர்

2023 பிப்ரவரி 8-ஆம் தேதி கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றெடுத்தவர் ஸஹாத், திருநம்பி. அவருடைய துணை ஜியா பாவல், திருநங்கை. நாடு முழுக்க அந்தப் பிரசவச் செய்தி பரவியது. வாழ்த்தியவர்களும் உண்டு, வாய்க்கு வந்தபடி ஏசியவர்களும் உண்டு. கேமராக்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் அசல் சிக்கல் ஆரம்பித்தது. கோழிக்கோடு மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழில் அப்பா என்ற இடத்தில் ஜியாவின் பெயர், அம்மா என்ற இடத்தில் ஸஹாத்தின் பெயர். இரண்டுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'திருநர்' என்று ஒரு குறிப்பு வேறு.

பெண்ணாக வாழ்பவரை அப்பா என்றும், ஆணாக வாழ்பவரை அம்மா என்றும் சொல்லும் தாள் அது. அந்த இருவர் கேட்டதோ மிக எளிய ஒன்று. 'தந்தை', 'தாய்' என்ற இரண்டு கட்டத்தையும் எடுத்துவிடுங்கள், 'பெற்றோர்' என்று போட்டு எங்கள் இருவர் பெயரையும் எழுதுங்கள் என்றார்கள். மாநகராட்சி மறுத்தது. வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பள்ளிச் சேர்க்கை, ஆதார், பான், பாஸ்போர்ட், நாளைக்கு ஒரு வேலை என்று போகிற இடமெல்லாம் எங்கள் பிள்ளை இந்தத் தாளை நீட்டி விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று கேட்டார்கள். 2025 ஜூன் 2 அன்று நீதிபதி ஜியாத் ரஹ்மான், அவர்கள் கேட்டபடியே 'பெற்றோர்' என்று மட்டும் போட்டு, பாலினம் எதையும் குறிப்பிடாமல் புதிய சான்றிதழ் கொடுக்க உத்தரவிட்டார். அதற்குள் குழந்தைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது.

ஒரு தாளுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை வரைக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை ஆவணம். முதல் தாளில் விழுந்த பிழை பிள்ளையின் ஆயுள் முழுக்கக் கூடவே வரும்.

தன்பாலீர்ப்பு, திருநர் உரிமை என்று பேச்சு எடுத்தாலே நாம் வளர்ந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். அவர்கள் காதல், அவர்கள் திருமணம், அவர்கள் மானம். அந்த வீடுகளில் பிள்ளைகளும் வளர்கிறார்கள். சட்டம் தன் பெற்றோரைப் பார்க்க மறுப்பதற்கான விலையைக் கொடுப்பது அந்தப் பிள்ளைகள்தான்.

யார் இவர்கள்?

தன்பாலீர்ப்பினரும் திருநருமான பால்புதுமையர் பெற்றோர் என்றதும் வெளிநாட்டுப் படத்தில் வரும் ஜோடிதான் பலருக்கு நினைவில் வருகிறது. நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியவர்கள் வேறு. வீட்டின் நெருக்குதலுக்குப் பணிந்து இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, அதன்பின் தன்னை மறைக்க முடியாமல் பிரிந்து வந்தவர்கள். இவர்களுக்குப் பிள்ளையைப் பார்க்கும் உரிமையே பேரத்துக்கு உரிய பொருளாகிவிடுகிறது. 'கோர்ட்டில் உன்னைப் பற்றிச் சொல்லிவிடுவேன்' என்ற ஒரு மிரட்டல் போதும், பிள்ளை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் பிள்ளையின் நலன்தான் அளவுகோல். பெற்றவர் யாரை நேசிக்கிறார் என்பது அதில் ஒரு தகுதிக் குறைவாக எங்கும் எழுதப்படவில்லை. மிரட்டலுக்கு அஞ்சுபவருக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?

அடுத்து திருநங்கைகள். அவர்களுடைய சமூக அமைப்பான ஜமாத்தில் அம்மா, மகள், நானி என்று ஒரு குடும்ப முறை தலைமுறை தலைமுறையாக உண்டு. பெற்ற வீடு துரத்திவிட்ட பிள்ளைக்குச் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்தவர்கள் அந்த அம்மாக்கள். தூத்துக்குடிக்காரரான கிரேஸ் பானுவைத் தாயாக ஏற்ற தாரிகா பானு, உயர் நீதிமன்றம் வரை போய்ச் சித்த மருத்துவம் படிக்க இடம் வாங்கினார். சென்னையில் நூரி. 1987-லேயே தனக்கு எச்.ஐ.வி. என்று அறிந்த திருநங்கை. எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த செல்வி, இந்திரா, பழனி என்ற மூன்று நண்பர்களின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அறக்கட்டளை தொடங்கி, எச்.ஐ.வி.யோடு பிறந்த பிள்ளைகளை வளர்த்தவர். உறவினர்களே தொடத் தயங்கிய காலம் அது. மும்பையில் கௌரி சாவந்த், தாயை எச்.ஐ.வி.க்கு இழந்த ஒரு சிறுமியைத் தன் மகளாக வளர்த்தார். 2017-இல் வந்த விக்ஸ் விளம்பரம் அந்தத் தாயையும் மகளையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. விளம்பரத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் ஏராளம். வளர்த்த தாயைத் தாயென்று ஏற்கும் சட்டம் மட்டும் அதோடு சேர்ந்து வரவில்லை.

மூன்றாவதாக, சட்டம் விட்டுவைத்த இடுக்குகள் வழியே பெற்றோர் ஆனவர்கள். தனி ஆளாகத் தத்தெடுத்தவர்கள், தனிப் பெண்ணாகச் செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்டவர்கள். அந்த இடுக்குகள் எவ்வளவு குறுகல் என்று பார்த்தால்தான் இவர்களுடைய பிடிவாதம் புரியும்.

2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் 5-ஆவது விதி, ஜோடியாகத் தத்தெடுக்க வேண்டுமானால் இரண்டு ஆண்டு நிலையான திருமண வாழ்க்கை வேண்டும் என்கிறது. திருமணமே இல்லாதவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. தனி ஆளாக எடுக்கலாம். தனிப் பெண் ஆண் பிள்ளையையும் எடுக்கலாம், பெண் பிள்ளையையும் எடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. வாடகைத் தாய் முறையை 2021 சட்டம் மணமான தம்பதிக்கும், 35 முதல் 45 வயது வரையுள்ள விதவை அல்லது மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கும் மட்டுமே கொடுத்திருக்கிறது. அதே ஆண்டு வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் மணமாகாத பெண்ணுக்கும் இடம் தருகிறது. ஆக, இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்தால் ஒருவர் தாயாகலாம். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்ந்தால் அவர்களுக்குத் தனி ஆளாக ஆண் குழந்தையைத் தத்தெடுப்பது ஒன்றுதான் வழி. அதிலும் தத்துக்கு முன் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதும் சமூகப் பணியாளரிடம் வீட்டில் இருக்கும் இன்னொருவர் யார் என்று சொல்வது? துணையோடு சேர்ந்து வாழும் தனி விண்ணப்பதாரரை ஏற்கக் கூடாது என்று மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா' 2022 ஜூனில் சுற்றறிக்கையே விட்டது. பிள்ளையை வரவேற்க வேண்டிய நாளில் பொய்யோடு தொடங்கு என்று ஒரு விதி ஆளைத் தள்ளுகிறது. எனக்கு இதில் ஆத்திரமே வருகிறது.

அம்மாவும் மம்மியும்

ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். வேளச்சேரிப் பக்கம் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. இரண்டு பெண்கள், ஐந்து வயதில் ஒரு மகள். தத்து ஒருவர் பெயரில், வளர்ப்பது இருவரும். பிள்ளைக்கு ஒருவர் அம்மா, இன்னொருவர் மம்மி. வீடு கற்பனைதான். அதில் குறுக்கிடும் சட்டம் எதுவும் கற்பனை இல்லை.

'ஃபேமிலிக்கு மட்டும்' என்று போர்டு தொங்கிய வீடு. அக்கா தங்கை என்று சொல்லித்தான் சாவி வாங்கினார்கள். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அப்பா பெயருக்கு நேரே ஒரு கோடு. கிளார்க் தலையைத் தூக்கி, "அப்பா இல்லீங்களா மேடம்? டைவர்ஸா?" என்கிறார். வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிறது. மாலையில் பிள்ளையைக் கூட்டிப் போகிறவருக்கான அட்டையில் மம்மியின் படத்துக்குக் கீழே 'சித்தி' என்று இருக்கிறது. வாட்ச்மேன் அருகில் வந்ததும் அந்தப் பிள்ளை, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, 'சித்தி' என்று கூப்பிடுகிறது. வீட்டுக்குள் வந்ததும் மறுபடி மம்மி. எதை எங்கே சொல்லக் கூடாது என்று ஐந்து வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை அது.

அம்மா வேலை விஷயமாக ஹைதராபாத் போன ஒரு ராத்திரி, பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வருகிறது. மம்மி தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார். முதலுதவி உடனே கிடைத்துவிடும், அதில் குறையில்லை. அதன்பிறகு ஸ்கேன் எடுக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்றதும் நர்ஸ் ஒரு தாளோடு வருகிறார். "நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?" பிள்ளை பால்குடி மறந்த கதையிலிருந்து எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது வரை அறிந்த பெண் அவர். ஆனாலும் கையெழுத்துப் போடத் தகுதி இல்லை. "பேரன்ட்ஸ் யாராச்சும் வரச்சொல்லுங்க."

பாஸ்போர்ட்டுக்கு இப்போது ஒரு பெற்றோர் பெயர் போதும். 2016 டிசம்பரில் விதி மாறியது. மணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலே பிள்ளைக்குத் தனிக் காப்பாளர் ஆகலாம் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயின் உறுதிமொழி இருந்தால் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் சொன்னது. தனித்து வளர்க்கும் தாய்மார் போராடி வாங்கிய இந்த வெற்றிகளின் நிழலில்தான் இன்று இரண்டு தாயுள்ள வீடுகளும் ஒதுங்கி நிற்கின்றன. ஒரு பெற்றோர் மட்டும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட சட்டம், இரண்டாவது பெற்றோர் இன்னொரு பெண்ணாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. இனிஷியலில் தாய் தந்தை இருவர் எழுத்தையும் சேர்த்து வைப்பது இப்போது நம்மிடையே சாதாரணம். அந்த இரண்டாவது எழுத்து மம்மியுடையதாக இருந்தால் எந்த ஆவணத்தைக் காட்டுவது?

அன்றாடத் தொல்லைகளைச் சமாளித்துவிடலாம். சாவு வரும்போதுதான் வீடு இடிகிறது. மம்மி விபத்தில் இறந்தால், உயில் எழுதாத சொத்து அவர் பிறந்த வீட்டுக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இந்தப் பிள்ளை அவருக்கு யாரும் இல்லை. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் இதன் பெயர் வராது. பி.எஃப். நாமினியாகப் போடலாமே என்றால், விதியில் சொல்லியிருக்கும் 'குடும்பம்' இருக்கும் வரை வெளியாள் பெயரைப் போட்டால் செல்லாது. சார்ந்து வாழும் பெற்றோர் அந்தக் குடும்பத்தில் வருவார்கள். மடியில் வளர்ந்த மகள் வெளியாள். தத்தெடுத்த அம்மா இறந்தால் நிலைமை இன்னும் கொடுமை. வாசற்படி மிதிக்காத தாத்தா பாட்டி வந்து பேத்தியைக் கேட்கலாம். மம்மியைக் காப்பாளராக உயிலில் எழுதி வைத்திருந்தாலும், எதிர்த்து வழக்குப் போட்டால் முடிவு நீதிமன்றத்தின் கையில். தாயை இழந்த அதே மாதத்தில் அந்தப் பிள்ளை இன்னொரு தாயையும் இழக்கக்கூடும்.

திருநர் பெற்றோருக்கு இதே வலி வேறு வடிவில் வருகிறது. பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் பழைய பெயர். அப்பாவாக இருந்தவர் இன்று பெண். ஆதாரில் புதுப் பெயர், புதுப் படம். இவரும் அவரும் ஒருவரே என்று நிரூபிக்க அரசிதழ், மாவட்ட ஆட்சியர் சான்றிதழ் என்று ஒரு கட்டுத் தாளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

ஐந்து நீதிபதிகள்

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 'சுப்ரியோ' வழக்கில் தீர்ப்பளித்தது. தன்பால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை என்பதுதான் தலைப்புச் செய்தியானது. உள்ளே தத்தெடுப்பு பற்றி நடந்த மோதல் அவ்வளவாக வெளியே வரவில்லை. தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும், மணமாகாத ஜோடிகளை விலக்கும் விதி அரசமைப்புக்கு முரண் என்றார்கள். மணமான ஆணும் பெண்ணும் மட்டுமே பிள்ளைக்கு நிலையான வாழ்வு தர முடியும் என்பதற்கு நீதிமன்றத்தின் முன் எந்த ஆதாரமும் வைக்கப்படவில்லை என்று சந்திரசூட் சுட்டிக்காட்டினார். மற்ற மூவர் உடன்படவில்லை; இரண்டுக்கு மூன்று என்று விதி பிழைத்தது.

பிழைக்க வைத்த தீர்ப்பைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி ரவீந்திர பட், நிஜத்தில் இருக்கும் குடும்பங்களைக் காராவும் மத்திய அரசும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறார். தனி ஆளாகத் தத்தெடுத்தவர் பிறகு துணையோடு வாழலாம். எதிர்பாராத ஒன்று நடந்துவிட்டால், மணமான தம்பதியின் தத்துப் பிள்ளைக்குக் கிடைப்பதெல்லாம் இந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம் என்பது அவருடைய கவலை. மேலே சொன்ன வேளச்சேரி வீட்டின் கவலையும் அதுவே. ஐவரும் ஒருமனதாகச் சொன்னது இன்னொன்று: திருநர் ஒருவர் எதிர்பாலினத்தவரை இப்போதுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம். தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2019 ஏப்ரலிலேயே இதைச் சொல்லிவிட்டார்.

2024 ஆகஸ்டில் மத்திய அரசு சில அறிவிப்புகளை வெளியிட்டது. தன்பால் ஜோடிகளை ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம். வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம். நல்லது. அரிசியும் பாஸ்புக்கும் பொதுவாகிவிட்டன. பிள்ளையைப் பொதுவாக்க வழியில்லை.

ஊர் என்ன சொல்லும்?

பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாகுமே என்பது அக்கறையோடும் கேட்கப்படும் கேள்வி. உண்மைதான், கேலி செய்வார்கள். சாதி மறுத்து மணந்தவர்களின் பிள்ளைகளையும், விதவை மறுமணத்தில் பிறந்தவர்களையும் இந்த ஊர் கேலி செய்திருக்கிறது. அதற்காக அவர்கள் பிறந்திருக்கக் கூடாது என்று இன்று யாராவது சொல்வோமா? கேலியை நிறுத்துவது பள்ளியின் வேலை, நம் வேலை. இப்படிப்பட்ட வீட்டில் வளர்வதாலேயே பிள்ளைகள் பின்தங்குவதில்லை என்று பல பத்தாண்டு ஆய்வுகளைப் பார்த்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013-இல் அறிவித்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2023 ஏப்ரலில், திருமணம், தத்தெடுப்பு உட்பட எல்லாவற்றிலும் இவர்களைப் பிற குடிமக்களைப் போலவே நடத்த வேண்டும் என்றது.

வெளிநாட்டுச் சரக்கு என்பது அடுத்த வாதம். ஆசியாவிலேயே தைவான் 2019-இல் தன்பால் திருமணத்தை ஏற்றது. ஆனால் துணையின் சொந்தக் குழந்தையைத் தவிர வேறு பிள்ளையைச் சேர்ந்து தத்தெடுக்க முடியாது என்று வைத்திருந்தது. நான்கே ஆண்டில், 2023 மே மாதம், அந்தத் தடையையும் எடுத்துவிட்டது.

தைவான் வரை போவானேன். தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், உரிய சடங்குகள் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று ஒரு சொத்து வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த ஒரு தீர்ப்பில் எத்தனையோ வீடுகளின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையற்ற பிள்ளைகள் ஆனார்கள். மாலை மாற்றி, மேடையில் தலைவர்கள் வாழ்த்த, ஊரறிய நடந்த கல்யாணங்கள் அவை. 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. இனி நடப்பவை மட்டுமல்ல, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று எழுதியதில்தான் அந்தச் சட்டத்தின் மனசு இருக்கிறது. வளர்ந்து நின்ற பிள்ளைகளுக்குப் பின்னோக்கிப் போய்ப் பெற்றோரைக் கொடுத்த சட்டம் அது. ஊர் எதிர்த்தது, வழக்கமில்லை என்றார்கள், சட்டமன்றம் செய்தது.

இன்றைக்கு அதே மாநிலத்தின் உயர் நீதிமன்றம் சட்டமன்றத்துக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தன்பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை போட்டார். அதே வழக்கில் 2023 நவம்பரில், இணைந்து வாழ்பவர்கள் 'குடும்ப இணைவுப் பத்திரம்' பதிவு செய்துகொள்ள வழிசெய்வது பற்றிப் பரிசீலிக்கும்படி மாநில அரசைக் கேட்டார். 2025 மே மாதம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை அவர் விருப்பப்படி போகவிட்ட அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று சொன்னது.

இப்போதைக்கு இந்தக் குடும்பங்கள் தாமாகச் செய்துகொள்ளக்கூடியவை கொஞ்சம் உண்டு. இருவரும் உயில் எழுதிப் பதிவு செய்வது, அதில் காப்பாளர் யாரென்று தெளிவாகச் சொல்வது, அவசரச் சிகிச்சைக்கும் பள்ளிக்கும் சட்டப்படியான பெற்றோர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் கைவசம் வைத்திருப்பது. விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மாலை உட்கார்ந்தால் முடிகிற காரியம். பிள்ளை இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

தத்தெடுப்பு விதி நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. அது காரா வகுத்து, மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் அறிவிக்கை செய்த ஒழுங்குமுறை. இன்னொரு அறிவிக்கையால் திருத்தலாம். மாநில அரசு இணைவுப் பத்திரத்துக்கு மசோதா கொண்டுவருவதானால், இரண்டு பெரியவர்களின் பெயரோடு அது முடிந்துவிடக் கூடாது. அந்த வீட்டில் வளரும் பிள்ளையின் பெயரும் அதில் பதிவாக வேண்டும். பள்ளியிலும் மருத்துவமனையிலும் இருவரில் யார் கையெழுத்தும் செல்ல வேண்டும். ஒருவர் இறந்தால் பிள்ளை மற்றவரிடமே இருக்கும் என்பதை, எதிர்த்து வருகிறவர் நீதிமன்றத்தில் காரணம் காட்டி மாற்றும் வரை, சட்டம் தானாகவே ஏற்க வேண்டும்.